சுழலாத இறக்கைகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சீசன் நேரத்திலேயே சில காற்றாலைகள் நிற்கின்றன. காற்றுக்கும் நம் வீட்டு விளக்குக்கும் இடையில் இருக்கும் கம்பிகளையும் விதிகளையும் பற்றி ஒரு சிறப்புப் பார்வை.

நாகர்கோவிலில் ஏறி திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும்போது ஆரல்வாய்மொழி வந்ததும் ஜன்னல் கண்ணாடி தடதடக்கத் தொடங்கும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் அருகே ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். பயணிகள் இருந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள்தான். ஜன்னலோரக் குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, எண்ணி மாளாமல் பாதியில் விட்டுவிடுவார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் இந்த வழியாகப் போனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காற்றாலைகள். ஒன்று முழு வேகத்தில் சுற்றுகிறது. அதே காற்றில் இன்னொன்று அசையாமல் நிற்கிறது. பழுதாகியிருக்கலாம். ஆனால் எப்போதும் பழுதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இவ்வளவு மெகாவாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று துணை மின்நிலையத்துக்கு உத்தரவு வந்திருக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பேக்டவுன்’. நிலக்கரி என்றால் இன்று எரிக்காததை நாளைக்கு எரிக்கலாம், கிடங்கிலேயே கிடக்கும். காற்று அப்படிக் காத்திருக்காது. கணவாயைத் தாண்டிப் போன காற்று போனதுதான்.

நாற்பது ஆண்டுகளாக நாம் இயந்திரங்களை எண்ணிவருகிறோம். எத்தனை மெகாவாட் நிறுவினோம், எந்த மாநிலம் முதலிடம் என்பதுதான் செய்தியாகிறது. அந்த மின்சாரம் போய்ச் சேர வழி இருக்கிறதா, வழியில் எல்லோரும் கட்டுப்படும் ஒழுங்கு இருக்கிறதா என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. நிற்கும் அந்த இறக்கைக்குப் பின்னால் இருப்பது இந்த இரண்டு கேள்விகளும்தான்.

கணவாய்களின் கொடை

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்துக்கு மழையை மறைக்கிறது என்று பள்ளியில் படித்தோம். அதே மலை சில இடங்களில் வாசல் திறந்து காற்றை அனுப்புகிறது. பாலக்காட்டுக் கணவாய் உடுமலை, பல்லடம் பக்கம் ஊதுகிறது. செங்கோட்டைக் கணவாய் தென்காசி, கயத்தாறு பக்கம். தெற்குக் கோடியில் ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல்களில் நெருக்கியடித்துப் பாயும்போது அதன் வேகம் கூடுகிறது.

1986-ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகே முன்னோட்டமாகச் சில காற்றாலைகள் நிறுவப்பட்டன. தொண்ணூறுகளில் கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகள் துணிந்து இறங்கின. தென்கோடியில் காற்றாலை வாங்கிப் போட்டுவிட்டு, அதில் விளைந்த யூனிட்டை மின்வாரியத்தின் கம்பி வழியே கொங்கு நாட்டு ஆலையில் கழித்துக்கொண்டார்கள். சீசனில் மிஞ்சியதைக் கணக்கில் போட்டு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதியும் இருந்தது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். நீண்ட காலம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்து, அண்மையில்தான் குஜராத்துக்கு வழிவிட்டோம். நல்ல சீசன் நாளில் காற்று மட்டுமே 12 கோடி யூனிட்டை ஒட்டித் தந்திருக்கிறது.

ஆனால் காற்று நம் தேவையைக் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அப்போது கத்திரி வெயில் வாசலில் நின்றது, காற்று சீசன் முழுமூச்சாகத் தொடங்கவில்லை. காற்று கொட்டும் மாதங்களில் தேவை அந்த உயரத்தில் இருப்பதில்லை. வெயில் மின்சாரமோ நண்பகலில் நிறைந்து, நாம் வீடு திரும்பி விளக்கைப் போடும் நேரத்தில் வடிந்துவிடுகிறது. இந்த மேடுபள்ளங்களை நிரவத்தான் நவீன கிரிட், அதாவது மின்கட்டமைப்பு, வேண்டும்.

2012: காற்றும் இருந்தது, இருட்டும் இருந்தது

அந்த ஆண்டை மறந்தவர்கள் சென்னைக்கு வெளியே இருக்க முடியாது. பல ஊர்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரம், 14 மணி நேரம்கூட மின்வெட்டு. சமையலறைச் சுவரில் காலண்டர் பக்கத்திலேயே கரண்ட் போகும் நேரமும் வரும் நேரமும் எழுதியிருக்கும். மாவாட்டுவது, தண்ணீர் ஏற்றுவது, துணி தேய்ப்பது எல்லாம் அந்தச் சீட்டின்படிதான். நள்ளிரவில் விசிறி சுற்றத் தொடங்கினால், தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு கிரைண்டரைப் போட எழுந்த அம்மாக்கள் எத்தனை பேர்! விசைத்தறி ஓடும் ஊர்களில் தறிச்சத்தம் அடங்கிப்போனது.

அதே காலத்தில் தென்மாவட்டங்களில் காற்றாலைகளுக்கு பேக்டவுன் உத்தரவும் போய்க்கொண்டிருந்தது. இருட்டில் இருந்த மாநிலம் கையில் இருந்த மின்சாரத்தை விட்டுக்கொடுத்தது. காரணம் எளிது. காற்று மிகுந்த தென்மாவட்டங்களில் அவ்வளவு மின்சாரத்தையும் செலவழிக்கும் அளவுக்கு ஆலைகள் இல்லை. அதை வடக்கே கொண்டுபோகும் கம்பிகளுக்கோ அவ்வளவு கொள்ளளவு இல்லை. காற்றாலையை ஓராண்டில் நிறுவிவிடலாம். உயர் அழுத்தப் பாதைக்கு நிலம், கோபுரம், அனுமதி என்று பல ஆண்டுகள் பிடிக்கும். முன்னதற்கு முதலீட்டாளர் வரிசையில் நின்றார், பின்னதற்கு யாரும் நிற்கவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியா உலகம் கண்ட மிகப் பெரிய மின்தடையில் மூழ்கியது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று கிரிட்களும் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். தெற்கு தப்பியது, ஏனென்றால் தென்மாநிலங்களின் கிரிட் அப்போது தனித் துடிப்பில் இயங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே அதுவும் நாட்டோடு இணைந்தது. அன்று முதல் காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஒரே துடிப்பு.

ஐம்பது என்ற எண்

அந்தத் துடிப்பின் பெயர் அதிர்வெண். வினாடிக்கு 50 சுழற்சி. தேர் இழுப்பதைக் கண்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். வடம் பிடிக்கும் கைகள் மின்நிலையங்கள். தேரின் கனம் நாம் எல்லோரும் போடும் விசிறி, மோட்டார், ஏசி. ஏற்றம் வந்தால் இழுவை கூட வேண்டும், இறக்கத்தில் கட்டை போட வேண்டும். இழுவை குறைந்தால் அதிர்வெண் ஐம்பதுக்குக் கீழே இறங்கும், மிஞ்சினால் மேலே ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள சுமை அனுப்பு மையங்களில் இரவு பகலாக இந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் யார் எவ்வளவு தருவார், யார் எவ்வளவு எடுப்பார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள்.

ஒரு காலத்தில் தென்மாநிலங்களில் இந்த எண் 48-ஐ நெருங்கிக் கிடந்தது. கொடுத்த ஒதுக்கீட்டைத் தாண்டி எடுப்பவரைத் தடுக்க வழியில்லை. 2003 ஜனவரியில் தெற்கில் புதிய கட்டண முறை அமலுக்கு வந்தது. எழுதிக்கொடுத்ததைவிட அதிகம் எடுத்தால், அதிர்வெண் தாழத் தாழ விலை ஏறும். எல்லோரும் தவிக்கும் நேரத்தில் கூடுதலாகத் தந்தவருக்கு அந்த விலை கிடைக்கும். புதிதாக ஒரு மின்நிலையம்கூடக் கட்டாமல், இந்த ஒரே விதி அதிர்வெண்ணைத் தூக்கி நிறுத்தியது. விதி என்றால் வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு இருவகை விதிகள் தேவைப்படுகின்றன. எவ்வளவு வாங்க வேண்டும் என்பது ஒன்று. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் வகைக்கு வித்திட்டது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். விநியோக நிறுவனங்கள் தங்கள் மின்சாரத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வாங்கியே தீர வேண்டும் என்று விதிக்கும் பொறுப்பை அது மாநில ஒழுங்குமுறை ஆணையங்களிடம் தந்தது. காற்றோ வெயிலோ போதாத மாநிலம் என்ன செய்யும்? அதற்காக 2010-இல் சான்றிதழ் முறை வந்தது. ஆயிரம் யூனிட் பசுமை மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ். தானே விளைவிக்க முடியாதவர் அதை வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் இலக்கைத் தவறவிட்டும் பெரிதாகத் தண்டனை இல்லாமல் தப்பின. 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் அதற்குப் பல் வைத்தது. 2024-25-இல் 29.91 விழுக்காடு, 2029-30-இல் 43.33 விழுக்காடு என்று படிப்படியாக ஏறும் இலக்கு இப்போது நாடு முழுமைக்கும் பொது. தவறினால் அபராதம்.

இலக்கு நல்லது. ஆனால் விழுக்காட்டைக் காட்டி வாங்கச் சொல்லிவிட்டு, விளைந்ததை நிறுத்தச் சொன்னால் யார் முதலீடு செய்வார்? காற்று, சூரிய மின்சாரத்தை எடுத்தே ஆக வேண்டும், கிரிட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம் என்பது விதி. விலை மலிவாக வேறு மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காக நிறுத்தக்கூடாது. தமிழகத்துச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடர்ந்த வழக்கில், மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் இதை அழுத்திச் சொல்லி, காரணமின்றி நிறுத்தியதற்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. நிற்கும் இறக்கைக்கும் ஒரு விலை உண்டு என்று நாட்டுக்கு எடுத்துச் சொன்ன தீர்ப்பு அது.

வடத்தை விடாதே

இரண்டாவது வகை விதி பேருந்தில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாதது. எனக்கு அதுதான் இன்றைக்கு அதிமுக்கியமாகப் படுகிறது.

எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் உரசுகிறது. இடி விழுகிறது. அந்தக் கணத்தில் மின்னழுத்தம் திடுமெனப் பள்ளத்தில் விழும். பாதுகாப்புச் சாதனங்கள் பழுதான பகுதியை வெட்டிவிட்டதும் கண் இமைக்கும் நேரத்தில் மீளும். ஆனால் பழைய காற்றாலை அந்தக் குலுக்கலிலேயே பயந்து கழன்றுகொள்ளும். தேர் ஒரு குழியில் ஏறி இறங்கும்போது நூறு பேர் வடத்தைப் போட்டுவிட்டு ஓடினால் மீதிப் பேர் கதி என்ன? அதனால்தான் மத்திய மின்சார ஆணையம் தன் இணைப்புத் தரநிலைகளை 2013-இல் திருத்தியது. அதன்படி, மின்னழுத்தம் இயல்பில் 15 விழுக்காடாகச் சரிந்தாலும் 0.3 வினாடி வரை புதிய காற்றாலை பிடியை விடக்கூடாது. அடுத்து வந்த திருத்தங்கள் அழுத்தம் எகிறினாலும் தாங்க வேண்டும், அதிர்வெண் மாறினால் கைகொடுக்க வேண்டும் என்று மேலும் கேட்டன.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பாடம் வைத்திருக்கிறது. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறாவளி மின்கோபுரங்களைச் சாய்த்தது. அடுத்தடுத்துப் பல முறை மின்னழுத்தம் சரிந்தது. இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் கழன்றுகொள் என்று பல காற்றாலைப் பண்ணைகளின் மென்பொருளில் ஓர் அமைப்பு இருந்தது. கிரிட்டை நடத்தியவர்களுக்கே அது தெரியாது. சில வினாடிகளில் 456 மெகாவாட் அறுந்தது. பக்கத்து மாநிலத்தோடு இருந்த இணைப்பும் சுமை தாங்காமல் விட்டுப்போக, மாநிலமே இருண்டது. அதற்காக அந்த மக்கள் காற்றாலையைக் கைவிடவில்லை. அமைப்புகளை மாற்றினார்கள், தரநிலையைக் கடுமையாக்கினார்கள், பெரிய பேட்டரியும் மின்னழுத்தத்தைத் தாங்கும் சுழல் இயந்திரங்களும் நிறுவினார்கள். இன்று அங்கே காற்றும் வெயிலுமே பெரும்பங்கு மின்சாரம் தருகின்றன.

2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது நேர்ந்தது இதற்கு மாறானது. அங்கே மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியது, ஏற ஏற மின்நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பழி உடனே சூரிய மின்சாரத்தின் மேல் விழுந்தது. விசாரித்தபோது தெரிந்தது வேறு. மின்னழுத்தத்தைத் தணிக்கப் பொறுப்பேற்றிருந்த பழைய வகை நிலையங்கள் போதிய அளவுக்குத் தணிக்கவில்லை. தணிக்கும் ஆற்றல் உள்ள சூரிய, காற்று நிலையங்களிடம் அந்த வேலையைக் கேட்கும் விதி அங்கே அப்போது நடைமுறையில் இல்லை. கருவி இருந்தது, கட்டளை இல்லை.

இதற்கு இரண்டரை மாதம் முன்பு, பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே அந்தக் குரங்கைப் பற்றிப் பேசியது. பேசப்படாத பாதி இது: விடுமுறை நாளில் தேவை குறைவு, வெயிலோ உச்சம். கிரிட்டில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, கனமான சுழல் இயந்திரங்கள் குறைந்திருந்தன. சுழலும் எடை குறைந்தால் நிலைமம் குறையும், சின்ன அதிர்ச்சியும் கிரிட்டை ஆட்டிவைக்கும். அடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்கும்படி அங்கே மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சொந்தக் காசில் தகடு போட்டவர்களுக்கும் அதே வேண்டுகோள்தான்.

நம் நாடும் விலக்கல்ல. ராஜஸ்தானில் 2022 முதல், ஒரே நேரத்தில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரம் அறுந்த நிகழ்வுகள் பலமுறை நடந்துள்ளன. விதி புத்தகத்தில் இருந்தது. களத்தில் இருந்த இன்வெர்ட்டர்களில் பல அதன்படி நடக்கவில்லை.

பழைய கோபுரத்தின் அடியில்

முப்பந்தல் பக்கம் தொண்ணூறுகளில் நிறுவிய ஒரு காற்றாலையின் அடியில் நின்று பாருங்கள். கோபுரம் முப்பது மீட்டர் சுமார்தான், தென்னையை விடக் கொஞ்சம் உயரம். திறன் 225 அல்லது 250 கிலோவாட். அடியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதற்குள் கெப்பாசிட்டர்கள். இந்த வகை இயந்திரம் மின்சாரத்தைத் தந்துகொண்டே, தன் காந்தப்புலத்துக்காக ரியாக்டிவ் பவர் என்ற ஒன்றைக் கிரிட்டிடமிருந்து உறிஞ்சும். கெப்பாசிட்டர் பழுதானால் உறிஞ்சுவது கூடும், அந்தப் பகுதியின் மின்னழுத்தம் தளரும். குலுங்கினால் தாங்கும் திறமையும் அதற்குக் கிடையாது. குறை சொல்லி என்ன பயன்? அதைச் செய்தபோது அப்படி ஒரு விதியே இல்லை.

நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை இந்தச் சின்ன இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய 3 மெகாவாட் காற்றாலை ஒன்று இவற்றில் பன்னிரண்டின் திறனுக்குச் சமம். உயரம் கூடுவதால் அதற்குக் கிடைக்கும் காற்றும் நல்லது. பழையதை எடுத்துப் புதியது வைக்க 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனாலும் வேலை வேகம் எடுக்கவில்லை. துண்டு துண்டான நிலம், பக்கத்துப் பக்கத்து இயந்திரத்துக்குத் தனித்தனி முதலாளி, பழைய பேங்கிங் சலுகை போய்விடுமோ என்ற அச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடுதல் மின்சாரத்தைத் தாங்கும் கம்பி வருமா என்ற சந்தேகம். சுற்றிச் சுற்றிப் பழைய கேள்வியிடமே வந்து நிற்கிறோம்.

கம்பியும் நீரும்

நடந்ததையும் சொல்ல வேண்டும். பசுமை மின்வழித் திட்டத்தின் கீழ் தேனிப் பக்கம் தப்பகுண்டு, கொங்கு நாட்டில் ஆனைக்கடவு, ராசிபாளையம் எனக் காற்று மிகுந்த பகுதிகளில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் எழுந்தன. சத்தீஸ்கரின் ராய்கட்டிலிருந்து புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டர் நீளும் உயர் அழுத்த நேர்மின் பாதை 6,000 மெகாவாட் சுமக்கும். நமக்குப் பற்றாக்குறை என்றால் வடக்கிலிருந்து வாங்கும், ஆடிக் காற்றில் மிஞ்சினால் வடக்கே அனுப்பும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நாளைய காற்றை இன்றே கணித்துச் சொல்கிறது. காற்று எப்போது ஏறும் என்று முன்பே தெரிந்தால் அனல்மின் நிலையத்தை மெதுவாகத் தணிக்கலாம். அங்கும் ஒரு வரம்பு உண்டு. நிலக்கரிக் கொதிகலனைப் பாதி அளவுக்குக் கீழே தணிப்பது எளிதல்ல. இப்போது 55 விழுக்காடாக உள்ள அடிமட்டத்தை 40-க்கு இறக்க வேண்டும் என்று 2023-இல் புதிய விதி வந்திருக்கிறது.

மிஞ்சியதைச் சேமிக்க நம் மண்ணிலேயே ஒரு பழைய வழி இருக்கிறது. ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 1987 முதல் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றும், தேவைப்படும்போது அதை இறக்கி மின்சாரமாக்கும். அங்கே காற்று தண்ணீராகிக் காத்திருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் நீண்ட நாளாக நடக்கிறது. பத்தாயிரக்கணக்கான மெகாவாட்டுக்கு இந்த இரண்டு மட்டும் போதாது. பேட்டரியும் வேண்டும், வேகமும் வேண்டும்.

லைன்மேனின் உயிர்

நம் வீட்டுக் கூரைக்கும் விதி உண்டு. தகடு போட்ட பலரும் கேட்பது இது: தெருவில் கரண்ட் போனால், வெயில் அடிக்கும்போதே நம் சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது? காரணம் கம்பத்தின் மேலே இருக்கிறார். கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பியில் கை வைக்கும்போது, ஏதோ ஒரு மாடியிலிருந்து மின்சாரம் திரும்பி வந்தால் என்ன ஆகும்? அதனால்தான் கிரிட் செத்தால் கூரை இன்வெர்ட்டர் தானும் கழன்றுகொள்ள வேண்டும். பெரிய காற்றாலை குலுக்கலில் பிடியை விடக்கூடாது, சின்ன இன்வெர்ட்டர் இருட்டில் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒன்று ஊரைக் காக்கிறது, மற்றொன்று ஒரு மனிதரைக் காக்கிறது. தரநிலை என்ற வறட்டுச் சொல்லுக்குள் இவ்வளவு அக்கறை இருக்கிறது.

வெயில் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் மலிவாகவும் மாலையில் விலை கூடுதலாகவும் இருக்கும் முறைக்கு 2023-இல் மத்திய விதி வந்துவிட்டது. ஸ்மார்ட் மீட்டர் வரும் இடங்களில் அது மெல்ல நடைமுறையாகும். வசதியுள்ளவர் ஏசி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். கூலி வேலைக்குப் போய் மாலையில்தான் அடுப்படிக்கு வரும் வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் தலையில் மாலைச் சுமை விழாதபடி விதியை எழுதுவதும் கிரிட்டை நவீனமாக்கும் வேலைதான்.

மெகாவாட் அறிவிப்புகள் இனியும் வரும், வர வேண்டும். ஒவ்வொரு அறிவிப்போடும் கம்பி எந்தத் தேதியில் வரும் என்பதையும், நிறுவிய இயந்திரத்தைக் குலுக்கிப் பார்த்துச் சோதித்தாயிற்றா என்பதையும், எத்தனை யூனிட்டை என்ன காரணத்துக்காக நிறுத்தினார்கள் என்பதையும் மக்கள் முன் வைக்க வேண்டும். 2012-இன் இருட்டில் சுவரில் சீட்டு எழுதி வைத்தவர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்க முழு உரிமை இருக்கிறது.

அடுத்த ஆடியில் முப்பந்தல் வழியே போகும்போது, ஜன்னலோரப் பிள்ளை காற்றாலைகளை எண்ணத் தொடங்கினால் தடுக்காதீர்கள். சுற்றாமல் நிற்பவற்றையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.